விகிதம் குறையும், வித்தியாசம் குறையாது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். எழுதுகிறவன் கணக்கு வாத்தியார் என்பதால் இடையிடையே கணக்கு வரும். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். மகளுக்கு வரன் பார்க்கிறார். மகளுக்கு வயது 23, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு 36. பூப்பாறைப் பக்கம் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம், போடியில் சொந்த வீடு, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம்.

மகளோ கூடப் படித்த பையன் ஒருவனைச் சொல்கிறாளாம். கம்பத்துப் பையன். நல்ல வேலையில் இருக்கிறான். குடும்பமும் தெரிந்த குடும்பம்தான். ஒரே ஒரு குறை, அவன் மகளைவிட எட்டு மாதம் இளையவன்.

"சின்னப் பயல எப்படி சார் கட்டி வைக்கிறது? ஊர்ல என்ன பேசுவாக? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா சார்."

"ஏப்பா, பதிமூணு வயசு வித்தியாசம் உனக்குக் கூடுதலாத் தெரியலையா?"

"அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும் சார்."

இந்த "போகப் போகச் சரியாயிரும்" என்ற வார்த்தையை என் வாழ்நாளில் இரண்டாவது முறையாகக் கேட்டேன். முதல் முறை கேட்டது 1975-ல், என் சொந்த வீட்டில். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எட்டாம் வகுப்பில் உங்களுக்கெல்லாம் வயதுக் கணக்கு நடத்தியிருக்கிறேன். "தந்தையின் வயது மகனின் வயதைப் போல மூன்று மடங்கு" என்று ஆரம்பிக்கும். பாதிப் பேருக்கு அந்தக் கணக்கைக் கண்டாலே வயிற்று வலி வரும். அதன் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். வருஷம் ஆக ஆக இரண்டு பேர் வயதின் விகிதம் குறைந்துகொண்டே வரும். வித்தியாசம் மட்டும் அப்படியே நிற்கும்.

நம் மகாகவி பாரதியையே எடுத்துக்கொள்வோம். 1897-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தபோது வயது 14. செல்லம்மாளுக்கு 7. சரியாக இரண்டு மடங்கு. 1921-ல் பாரதி மறைந்தபோது அவருக்கு 38, செல்லம்மாளுக்கு 31 ஒட்டி. இரண்டு மடங்காக இருந்தது ஒன்றேகால் மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்த 7 வயது அப்படியேதான் இருந்தது. செல்லம்மாள் அதற்குப் பிறகு 1955 வரை இருந்தார். 34 வருஷம்.

என் மாணவர் சொன்ன "சரியாயிரும்" என்பது விகிதத்தைத்தான். அது உண்மைதான். 23-ம் 36-ம் பக்கத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். 40-ம் 53-ம் நின்றால் அவ்வளவாகத் தெரியாது. நடுவில் இருபது வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு 62 ஆகும்போது அவருக்கு 75. அங்கே வித்தியாசம் திரும்ப வந்து நிற்கும். நாம் கல்யாணத்தன்று போட்டோவில் எப்படித் தெரியும் என்று பார்க்கிறோம். கடைசிப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

இந்தியாவில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகச் சுமார் மூன்று வருஷம் கூடுதலாக வாழ்கிறார்கள். அதோடு வயது வித்தியாசத்தைக் கூட்டுங்கள். 13 வயது மூத்தவரைக் கட்டினால் 13-ம் 3-ம் 16. சராசரியாக 16 வருஷம் அந்தப் பெண் தனியாக இருக்க வேண்டிவரும். ஒரு வயது மூத்தவரைக் கட்டினால் 4 வருஷம். இது ஜோசியம் இல்லை, சராசரிதான். யாருக்கு எப்போது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஊர் முழுக்க ஒரே பக்கம் சாய்த்துக் கட்டி வைத்தால் ஊர் முழுக்க அந்தப் பக்கம்தான் சாயும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்கள் மறுமணம் செய்துகொள்வதும் ஒரு காரணம். இந்த வயது வித்தியாசமும் ஒரு காரணம்.

இனி என் தங்கச்சி கதை. உறவுகளுக்குத் தெரியும். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

1975-ல் அவளுக்கு 17 வயது. அம்மாவின் தம்பிக்கு, அதாவது எங்கள் தாய்மாமாவுக்கு, கட்டிக் கொடுத்தார்கள். மாமாவுக்கு 33. சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை. நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது உரிமை, முறை. சொத்து வெளியே போகாது, பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்கும், மாமியார் என்பது சொந்தப் பாட்டி. நல்ல காரணங்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தபோது நெருங்கிய ரத்த உறவுத் திருமணங்களைத் தடுத்தது, ஆனால் வழக்கம் இருக்கும் இடத்தில் விட்டுவிட்டது. நம்முடையது வழக்கம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவைதான். அத்தை மகன், மாமா மகள் என்றால் வயது முன்னே பின்னே இருக்கும். ஆனால் தாய்மாமன் என்றால் ஒரு தலைமுறையே மேலே. அங்கே 10, 15 என்று வித்தியாசம் தானாக வந்துவிடும்.

தங்கச்சி என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. நான் சிலேட்டில் எழுதிப் போடும் கணக்கை அவள் அடுப்படியில் நின்றபடியே மனசுக்குள் போட்டுவிடுவாள். ஒன்பதாவதோடு நிறுத்தினார்கள். சட்டத்தில் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்குப் பெண்ணுக்கு 15 வயது போதும். 1978-ல்தான் அதை 18 ஆக்கினார்கள்.

நான் அப்போது மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. "வயசு ரொம்ப வித்தியாசமா இருக்கேம்மா" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டேன். "போகப் போகச் சரியாயிரும்டா" என்றார். தங்கச்சி திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

மாமா மாதிரி ஒரு நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது கையில் பலகாரம் இல்லாமல் வரமாட்டார். ஆனால் தங்கச்சிக்கு முதல் பாவாடை வாங்கிக் கொடுத்தவர் அவர். பரமசிவன் மலைத் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர். அப்படிப்பட்டவரிடம் "எனக்கு இது வேண்டாம்" என்று எப்படிச் சொல்வாள்? டவுனில் தையல் கற்றுக்கொள்ளப் போகணும் என்று ஆசைப்பட்டாள். அவர் "எதுக்குடா கண்ணு, நான் இருக்கேன்ல" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவர் மறுக்கவே இல்லை. இவளும் கேட்கவே இல்லை.

மாமாவுக்கு நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கல். ஐம்பத்து நான்கிலேயே மலை ஏற முடியாமல் இறங்கிவிட்டார். தங்கச்சிக்கு அப்போது 38. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஐந்து வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டாள். 2001-ல் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "புருஷனா இருந்தேனான்னு தெரியலடா. அவளுக்கு அப்பன் மாதிரியே இருந்துட்டுப் போறேன்." அவருக்கும் அது ஒரு பாரமாகத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பாரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கச்சிக்கு 43 வயதில் இப்படி ஆனது. பிள்ளைகளைப் படிக்க வைக்க விடிகாலை ஜீப் ஏறி போடிமெட்டு வழியாகக் காய் எடுக்கப் போனாள். நம் ஊரில் இருட்டோடு இருட்டாக அந்த ஜீப்புகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. அந்த ஜீப்பில் இருக்கும் பெண்களிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இவளைப் போல எத்தனை பேர் என்று தெரியும். பிறகு முழங்கால் ஒத்துழைக்காமல் போடியிலேயே குடோனில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனாள். பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரிக்கும் வேலை.

மாமாவோடு வாழ்ந்தது 26 வருஷம். தனியாக இருந்தது இதுவரை 24 வருஷம். இன்னும் இரண்டு வருஷத்தில் இரண்டும் சமமாகிவிடும். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது இந்தக் கணக்கை அவள்தான் எனக்குச் சொன்னாள். முறுக்கு பிழிந்துகொண்டே, மனசுக்குள் போட்டுச் சொன்னாள்.

கணக்கு வாத்தியார் இராமானுஜனைச் சொல்லாமல் விட முடியுமா? ஒவ்வொரு டிசம்பர் 22-ம் அவர் படத்துக்கு மாலை போட்டு உங்களுக்கு 1729 கதை சொல்லியிருக்கிறேன். ஜானகி அம்மாள் கதையைச் சொன்னதில்லை. 1909 ஜூலையில் கல்யாணம். இராமானுஜனுக்கு 21, ஜானகிக்கு 10. 1914-ல் அவர் இங்கிலாந்து போனார், 1919-ல் நோயோடு திரும்பினார், 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். ஜானகிக்கு அப்போது 21. அந்த அம்மாள் 1994 வரை இருந்தார். 74 வருஷம்! திருவல்லிக்கேணியில் தையல் தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் தன் காலில் நின்றார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இராமானுஜன் சீக்கிரம் போனது நோயால், வயது வித்தியாசத்தால் இல்லை. ஒரே வயதாக இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார். ஆனால் பெண்ணுக்குப் பத்து வயதில் கல்யாணம் என்றால், அவள் படிக்க வேண்டிய காலம் அந்த வித்தியாசத்துக்குள் போய்விடுகிறது. ஆண் படித்து முடித்து வேலை தேடும் வயதில் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். பிறகு தனியாக நிற்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஜானகி அம்மாள் தையலைத் தானே தேடிக் கற்றுக்கொண்டார். என் தங்கச்சிக்கு அதுவும் கிடைக்கவில்லை.

"நம் பண்பாடு சார்" என்று சிலர் சொல்வீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. நான்கு வயதுதான். அதே நேரத்தில் முறைப்பெண் என்ற உரிமையைச் சொல்லி, சின்னப் பையனுக்கு வயது வந்த பெண்ணைக் கட்டி வைத்ததும் இந்த மதுரைச் சீமையில் உண்டு என்று ஆங்கிலேயர் காலத்து நூல்களில் இருக்கிறது. ஆக, சொத்துக்கும் முறைக்கும் வேண்டும் என்றால் வயதை எப்படி வேண்டுமானாலும் வளைத்திருக்கிறோம். அதையெல்லாம் பண்பாடு என்று சொல்லிக்கொண்டோம்.

மற்ற ஆசிய நாடுகளையும் கொஞ்சம் பாருங்கள். சீனாவில் ஒரு பழமொழி உண்டு. மனைவி மூன்று வயது மூத்தவளாக அமைந்தால் தங்கக்கட்டி கிடைத்த மாதிரி என்பார்கள். கொரியாவில் நான்கு வயது வித்தியாசம் என்றால் பொருத்தமே பார்க்க வேண்டாம் என்பார்கள். அங்கேயும் பொருத்தம் பார்க்கிற ஜனங்கள்தான். அதே கொரியாவில் இப்போது முதல் திருமணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, பெண் மூத்தவராக இருக்கும் திருமணம். ஜப்பானில் முதல் திருமணத்தின் சராசரி வயது ஆணுக்கு 31, பெண்ணுக்கு 29-க்கு மேல். இரண்டு வயதுக்கும் குறைவான வித்தியாசம். நம் நாட்டில் சராசரி ஏறக்குறைய 5 என்று வரும், வங்கதேசத்தில் அதைவிடக் கூடுதல். பெண் எவ்வளவு சீக்கிரம் கல்யாணம் முடிக்கிறாளோ அவ்வளவுக்கு வித்தியாசம் கூடுகிறது. அவள் படித்து, சம்பாதித்து, தானே யோசித்து முடிவெடுக்கும் நாடுகளில் குறைகிறது.

நம் சட்டத்திலேயே இந்த வித்தியாசம் உட்கார்ந்திருக்கிறது. 1929 சாரதா சட்டத்தில் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14. 1978-ல் 21, 18. ஓட்டுப் போட இரண்டு பேருக்கும் 18 போதும், கல்யாணத்துக்கு மட்டும் ஆண் மூன்று வருஷம் மூத்தவனாக இருக்கட்டும் என்று சட்டமே சொல்கிற மாதிரி இருக்கிறது. 2018-ல் சட்ட ஆணையம் ஓர் ஆலோசனை அறிக்கையில், மனைவி இளையவளாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் இது வளர்க்கிறது, இரண்டு பேருக்கும் 18 என்று வையுங்கள் என்றது. 2021-ல் பெண்ணுக்கும் 21 என்று ஒரு மசோதா வந்தது. 2024-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. ஜப்பான் 2022-ல் இரண்டு பேருக்கும் 18 என்று ஆக்கிவிட்டது. இந்தோனேசியா 2019-ல் இருவருக்கும் 19 ஆக்கியது.

உங்களில் சிலர் பெரியார், மணியம்மையாரைக் கேட்பீர்கள் என்று தெரியும். 1949-ல் அவருக்கு 70 நெருங்கியிருந்தது, அம்மையாருக்கு 30 ஒட்டி. அந்தத் திருமணத்தை ஒட்டித்தான் கட்சியே இரண்டானது. அரசியலுக்குள் நான் போகவில்லை. விவரம் தெரிந்த வயதில் ஒரு பெண் கண்ணைத் திறந்துகொண்டு தானே எடுத்த முடிவு அது. அப்படி யார் எடுத்தாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் மாணவரின் மகள் நாளைக்கு "எனக்கு அந்த 36 வயசுக்காரரைத்தான் பிடிச்சிருக்கு" என்றால் நான் போய் அட்சதை போடுவேன். இங்கே அவள் சொல்லவில்லை. அப்பா சொல்கிறார், ஆறு ஏக்கர் சொல்கிறது.

ஆறு ஏக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. அந்த வருஷம் ஏலத்தோட்டத்து மாப்பிள்ளைக்கு இருந்த கிராக்கி எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் அதே காய் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. தோட்டம் நல்ல சொத்துதான். ஆனால் அதன் விலையை நம்பிப் பதின்மூன்று வருஷத்தை எழுதிக் கொடுக்க முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். 43 வருஷமாக யாருக்கும் சொல்லாதது.

என் மனைவி என்னைவிட ஒன்றேகால் வயது மூத்தவர்.

ஆமாம். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆச்சு என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவார்கள். அப்படிச் சான்றிதழில் அவர் என்னைவிட இளையவராகிவிட்டார். 1982-ல் கல்யாணம். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "உங்களைவிட நான் மூத்தவ. சொல்லாம இருக்க மனசு கேக்கல." எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். அம்மா கடைசி வரை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். தன் பிறந்த வருஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஒரு மனுஷியை 43 வருஷம் வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வயதில் மூத்தவர் அவர். ஆனால் அவர்தான் என்னை "வாங்க, போங்க" என்கிறார். நான் "வா, போ" என்றுதான் இத்தனை வருஷம் கூப்பிட்டிருக்கிறேன். வயதுக்காகத்தான் மரியாதை என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையானால் எங்கள் வீட்டில் அது மாறியிருக்க வேண்டுமே? மாறவில்லை. மாப்பிள்ளை மூத்தவராக இருக்க வேண்டும் என்று நாம் பார்ப்பது அனுபவத்துக்காக இல்லை, அவர் பேச்சு மேலே நிற்க வேண்டும் என்பதற்காக. எதிர்த்துப் பேச வாய் வராத இடத்தில் பெண்ணைக் கொண்டுபோய் வைப்பதற்கு வயது ஒரு வசதி. அது இல்லாத இடத்திலும் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, இனிமே நமக்கு யாரு பொண்ணு குடுக்காம இருக்கப் போறா" என்று சிரித்தார்.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: "ஏப்பா, உன் மக கிட்ட நான் பேசமாட்டேன். அவ உன்கிட்டப் பேசட்டும். நீ உட்கார்ந்து கேளு. எட்டு மாசம் சின்னவன்றத ஒரு குறையாச் சொல்லாதே. என் வீட்டுக் கதையச் சொல்றேன், கேட்டுட்டுப் போ." கேட்டார். காபியை ஆற விட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "யோசிக்கிறேன் சார்" என்று கிளம்பினார். என்ன முடிவெடுப்பார் என்று தெரியாது. அவர் போன பிறகு தங்கச்சிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இப்பவாச்சும் பேசினியேண்ணே" என்றாள்.

உங்கள் வீட்டில் வரன் பார்க்கிறீர்கள் என்றால் பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக இந்தக் கணக்கையும் போடுங்கள். கல்யாணத்தன்று இரண்டு பேருக்கும் என்ன வயது என்று பார்க்கிற மாதிரி, பெண்ணுக்கு அறுபது ஆகும்போது அவருக்கு எத்தனை என்றும் எழுதிப் பாருங்கள். முக்கியமாக, அந்தத் தாளைப் பெண்ணிடம் காட்டி அவளையே விடை எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் இல்லையே என்று நினைத்தீர்களா? இதுதான் வீட்டுப்பாடம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவர்களை நான் என்றைக்கும் உட்காரச் சொன்னதில்லை.

வாழ்க வளமுடன்.